துண்டுக்கடியில் ஒரு கை

எங்க கோழி ஷெட்டுல துண்டுக்கடியில ஒரு கை இருக்குதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு ஊஞ்சவலசுல ஒருத்தரும் அலறல, ஒருத்தரும் விழுந்தடிச்சு ஓடல, கோயில்ல போயி யாரும் குறி கேட்கல, ஊரு மொத்தமும் கேட்ட முதல் கேள்வி அது என்ன விலை சொல்லுச்சுங்கறதுதான். மாட்டுச் சந்தை ஊருங்க எங்களுது, வேற எப்படிக் கேட்பாங்க.

எங்க சந்தையில வாயால விலை பேசறதில்லை. வாங்கறவரும் விக்கறவரும் வலது கையைக் கோத்துக்குவாங்க, மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக்குவாங்க, விரலைப் பிடிச்சுப் பிடிச்சுத் தொகை சொல்லுவாங்க, சுத்தி எத்தனை பேர் நின்னாலும் உள்ள என்ன நடக்குதுன்னு அந்த ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எந்த மாட்டுக்கு விலைன்னு கூடச் சொல்றதில்லை, ஏன்னா விக்கறவரு இடது கையில பிடிச்சிருக்கற கயித்தோட மறுமுனையில மாடு நின்னுக்கிட்டுத்தானே இருக்குது. கையை இறுக்கினா சம்மதம், உள்ளங்கையை விரிச்சு வெச்சா கொடுக்க முடியாதுன்னு அர்த்தம். இறுக்கின பிறகு சொல்லு மாறக் கூடாது. மாறித்தான் ஆகணும்னா ஒரே வழி, சந்தை நடுவுல நின்னு துண்டை இழுத்தெறிஞ்சுட்டு எல்லாரும் பார்க்கக் கையைக் காட்டணும், அப்படிக் காட்டினவனோட அதுக்கப்புறம் ஒருத்தனும் கை கோக்க மாட்டான். அப்புறம் மாடு கைமாறினா பழைய கயிறு வித்தவருக்குத்தான் சொந்தம், வாங்கினவரு புதுக்கயிறு கொண்டாந்து கட்டி ஓட்டிக்கிட்டுப் போகணும். எங்க ஊருச் சட்டம் இவ்வளவுதான்.

எங்க ஊட்டுக்காரரை, தரகர் நாச்சிமுத்துன்னா, சந்தையில தெரியாத ஆளே இல்லை. அந்த மனுசனோட பெருமையெல்லாம் வலது கையிலதான் இருந்துச்சு. கையைத் தொட்டதும் எதிராளி பொய்க்காரனா, அவசரக்காரனா, பொண்டாட்டிகிட்டச் சொல்லாம வந்தவனான்னு சொல்லிப்போடுவாரு. என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்குக் கூட எங்கப்பாவோட கையைப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் சரின்னாராம், என் மூஞ்சியை அப்புறமாத்தான் பார்த்தாராம். இதைச் சொல்லிச் சொல்லி நான் இன்னிக்கும் திட்டுவேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, கோகிலவாணி. வாணின்னு கூப்பிடுவோம். அவ காலேஜ் முடிச்சுட்டு வந்து, கோழி கட்டுப்படியாகாமக் காலியாக் கிடந்த ஷெட்டைக் கூட்டிக் கழுவி, கம்ப்யூட்டர் பொட்டிங்களை வரிசையா அடுக்கி, நாலு பக்கமும் ஃபேனைச் சுத்தவிட்டு, கிரிப்டோ காசு எடுக்கப் போறேன்னா. மைனிங்னு பேரு. மண்ணும் கிடையாது மம்பட்டியும் கிடையாது, பொட்டிங்க பாட்டுக்கு ஓயாமக் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும், கணக்கு சரியா விழுந்தா புதுசா ஒரு காசு பிறந்து இவ பேருல வந்து சேருமாம். காத்தைப் புடிச்சுக் காசாக்கறியாக்கும்னு நானும் வேணுங்கற அளவுக்குக் கேலி பண்ணேன். ஆனா மாசாமாசம் பேங்குல பணம் வந்துச்சு, என் வாயும் தன்னால மூடிக்கிச்சு.

அப்புறம் அந்தக் காசுக்குப் போட்டி அதிகமாயிருச்சு. பெரிய பெரிய ஆளுங்க பெரிய பெரிய மிஷினோட இறங்கிட்டாங்க, எங்க பொட்டிங்க மூச்சைப் புடிச்சு ஓடினாலும் கரண்டுச் செலவுக்கே கைக்கும் வாய்க்குமா ஆயிப்போச்சு. தென்னைக்கு நடுவுல மஞ்சள் போடறோமில்ல, அந்த மாதிரி இதுக்கும் ஊடுபயிரா இன்னொரு காசு வேணும்னு வாணி தேட ஆரம்பிச்சா. புதுக்காசுங்க புத்தீசல் கணக்கா இருக்குதாம். தேடித்தேடிக் கடைசியில மூணுல வந்து நின்னா. ஒண்ணு மீன் படம் போட்டது, ஒண்ணு நட்சத்திரம், மூணாவதுக்குப் படமே இல்லை, வெறும் வட்டம்.

எம்பொண்ணு ஒண்ணும் ஏமாளி இல்லைங்க, அதை இந்த இடத்துல சொல்லியே ஆகணும். ஒரு காசை நம்பலாமான்னு பார்க்க அவகிட்ட முறை இருந்துச்சு. யாரு செஞ்சது, ஆள் பேரு ஊரு தெரியுதா, செஞ்சவன் ஊருக்குக் கொடுக்கறதுக்கு முந்தி தனக்குன்னு ஒரு குவியலை ஒதுக்கிக்கிட்டானா, எழுதி வெச்சிருக்கற புரோகிராமை எல்லாரும் பிரிச்சுப் பார்க்க முடியுமா, வித்தா வாங்க ஆள் இருக்குதா, கேள்வி கேட்டா பதில் வருதா. மீன் காசுல பேச்சுத்தான் பெருசு, நிலாவுக்குப் போவோம் சூரியனுக்குப் போவோம்னு கூச்சல். நட்சத்திரத்துல செஞ்சவனே பாதியை எடுத்து வெச்சிருந்தான். வட்டத்துல ஒரு குத்தமும் இல்லை, கொஞ்சம் வித்துப் பார்த்தா பணம் உடனே பேங்குக்கு வந்துச்சு, ஆனா செஞ்சவன் பேரே எங்கயும் கிடையாது, இவளைத் தவிர அதை எடுக்கற ஆளு உலகத்துல இன்னும் ஒரே ஒருத்தரு. இவ அந்தக் காசோட சைட்டுல இங்கிலீஷ்ல, இதைச் செஞ்சது யாருன்னு கேட்டு எழுதிப்போட்டா. மத்தியானம் சோறு தின்னுட்டுப் போயிப் பார்த்தா தமிழ்ல பதில் வந்திருந்துச்சு. அப்பாவை வரச் சொல்லுங்கன்னு.

இவ இது வேண்டாம்னு மூடிட்டா. என்கிட்டச் சொல்லும்போது அவ குரலே சரியில்லை. ஆனா இந்த மனுசன் காதுல அது விழுந்துருச்சே. பெரியவங்ககிட்டப் பேசணும்னு தெரிஞ்ச ஆளு, மத்த ரெண்டு காசுக்காரனுக்கும் அந்த மரியாதை தெரியுதான்னு கேட்டுப்போட்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கிட்டு, தோளுல துண்டோட கோழி ஷெட்டுக்குக் கிளம்பிட்டாரு. பின்னாடியே நானும் போனேன்.

வாணி ஒவ்வொரு காசா ஸ்க்ரீன்ல தொறந்து காட்ட, இவரு கீபோர்டு மேல துண்டைப் போட்டு உள்ள கையை விட்டாரு. அவருக்கு இடது கை சும்மா இருந்து பழக்கமில்லை, இத்தனை வருசமும் அதுல ஒரு கயிறு இருந்திருக்குது, அது இல்லாம கை அங்கயும் இங்கயும் அலைஞ்சுச்சு, கடைசியில பக்கத்துல நின்ன வாணியோட மணிக்கட்டைப் போயிப் பிடிச்சுக்கிச்சு, கோயில்ல கட்டின கறுப்புக் கயித்துக்கு மேலயே. மீன் காசுல வெறும் பட்டன்தான். நட்சத்திரத்துலயும் வெறும் பட்டன்தான். வட்டத்தைத் தொறந்து கையை விட்டாரு, துண்டு லேசா மேல எழும்புச்சு, அவரு தோள் கொஞ்சம் முன்னாடி போச்சு. மழை வந்துருச்சுன்னு சொல்ற அதே குரல்ல, என் கையைப் பிடிச்சிருக்குது புள்ளன்னு என்னைப் பார்த்துச் சொன்னாரு.

துண்டுக்கடியில விரல் அசையறது எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடிச்சுச்சாம், விட்டுச்சாம், மறுபடி பிடிச்சுச்சாம், அவரு ஆயுசுல எந்த மாட்டுக்கும் அப்படி ஒரு தொகையை யாரும் சொன்னதில்லையாம். மனுசன் மூஞ்சி பூரிச்சுப் போச்சு.

"கை நடுங்கல அம்மிணி. ஆசை புடிச்ச கையி வேர்த்திருக்கும், களவாணிக் கையி நடுங்கும். இது ரெண்டும் இல்லை. நம்பலாம்."

"அப்பா, எதுக்கு விலை சொல்லுதுன்னு கேளுங்க."

"காசோட மதிப்பைச் சொல்லுது, வேறென்ன" அப்படின்னாரு. அதுக்குள்ள கையை இறுக்கியும் போட்டாரு. அப்பா சொல்லைத் தட்ட முடியாம வாணியும் அன்னிலருந்து பொட்டிங்களை வட்டத்துக்கே ஓடவிட்டா.

மறுநாளு காலையில டீக்கடை மரகதம் காதுக்கு விசயம் போச்சு. மரகதத்துக்குத் தெரிஞ்சா சந்தைக்கே தெரிஞ்ச மாதிரி. முதல்ல தரகருங்க வந்தாங்க, அப்புறம் வியாபாரிங்க, அப்புறம் ஊருத் தலைவரு, அப்புறம் பொம்பளைங்களும் முந்தானையைப் போட்டுக்கிட்டுக் கையை விட்டுப் பார்த்தாங்க. கிணத்துத் தண்ணியில கழுவிட்டு வந்த கை மாதிரி இருக்குதுன்னாங்க சிலபேரு, இல்லை இளஞ்சூடுதான்னாங்க சிலபேரு. நகம் வெட்டியிருக்குது, மோதிரம் இல்லை, ஆம்பளையா பொம்பளையான்னு சொல்ல முடியல. மணிக்கட்டுக்கு மேல தடவிப் பார்த்தவங்களுக்கு அங்க ஒண்ணும் தட்டுப்படல. அதை ஒரு குறையா யாரும் எடுத்துக்கல, விலை பேச மணிக்கட்டு வரைக்கும் இருந்தாப் போதுமேன்னு மரகதமே சொன்னா. ஷெட்டு வாசல்ல ஒரு பெஞ்சைப் போட்டு அவ டீயும் போட ஆரம்பிச்சுட்டா.

அப்புறம் மாட்டையே ஓட்டிக்கிட்டு வந்துட்டாங்க. இடது கையில கயிறு, வலது கை துண்டுக்கடியில, சந்தை வழக்கம் மாறவே இல்லை. அந்தக் கை பேரம் பேசாது, குறைச்சுச் சொல்லாது, சுழி சரியில்லாத மாட்டுக்கும் பல்லு போன மாட்டுக்கும் அதது தகுதிக்கு ஒரு விலை சொல்லும், இறுக்கினா அடுத்த நிமிசம் வாணி கணக்குல வட்டக் காசு விழும், அவ அதை மாத்திப் பணமாக் கொடுத்துருவா. அடுத்த வியாழக்கெழமை, அதான் எங்க சந்தை நாளு, விடியும்போது கட்டுத்தறியில மாடு இருக்காது. கட்டின முளைக்குச்சி அப்படியே இருக்கும், கழுத்துல போட்ட முடிச்சு அவிழாம, அறுபடாம, கயிறு மட்டும் வளையமாத் தரையில கிடக்கும். அதைப் பார்த்து ஊரே மெச்சிக்கிச்சு. எங்கிருந்தோ வந்ததுக்கு எம்புட்டு முறை தெரியுது பாரு, பழைய கயித்தைத் தொடாம விட்டுட்டுப் போயிருக்குதேன்னு. அந்தக் கயிறுங்களைப் பத்திரமா எடுத்துக் கொல்லையில மாட்டி வெச்சாங்க. கன்னுக்குட்டிங்க மட்டும் அந்தக் கொல்லைப் பக்கம் போக மாட்டேன்னு கால் ஊணி நின்னுக்கும்.

வாணி இளைக்க ஆரம்பிச்சா. அப்பா பிடிச்ச மணிக்கட்டுல கயிறு அழுத்தின தடம் ஒண்ணு விழுந்து, மறையவே இல்லை. அவ தெருவுல நடந்தா கட்டியிருக்கற மாடெல்லாம் தலையைத் தூக்கி அவளையே பார்க்கும். கண்ணுபட்டிருக்கும்னு நான் முச்சந்தி மண்ணும் மிளகாயும் சுத்திப் போட்டேன். ஒரு காலையில படுக்கையைச் சுருட்டப் போனவ, அம்மான்னு கூப்பிட்டா. போயிப் பார்த்தேன். பாயி மேல அந்தக் கறுப்புக் கயிறு கிடந்துச்சு, முடிச்சு அவிழாம, அறுபடாம, வளையமா. நான் கழட்டலம்மா, அது கைக்கு வெளிய வரவே வராதுன்னா.

நேராப் போயி, சாணி வழிச்சுக்கிட்டிருந்த மனுசனை எழுப்பி நிக்கவெச்சுக் கேட்டேன்.

"ஏனுங்க, முத முதல்ல கையை இறுக்கினீங்களே, அன்னிக்கு உங்க இடது கையில என்ன இருந்துச்சு?"

அவரு யோசிச்சாரு. அந்த மூஞ்சி மாறினதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். சாணிக் கூடையை அப்படியே கீழ வெச்சுட்டு, இடது கையைத் தூக்கிப் பார்த்தாரு, வேற யாரோட கையையோ பார்க்கற மாதிரி.

வாணி ஷெட்டுக்கு ஓடிப் போயிக் கணக்கைப் பார்த்தா. ஒவ்வொரு மாட்டுக்கும் காசு ஒரே தடவையா விழுந்திருந்துச்சு. ஆனா அதுக்கு முந்தின முதல் பேரத்துக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா விழுந்துக்கிட்டே இருந்திருக்குது, பொட்டிங்க எடுக்கற காசுன்னு இவ நினைச்சிருந்தது அத்தனையும் அதுதான். அன்னிலருந்து நம்ம பொட்டி ஒண்ணுமே எடுக்கலம்மா, எனக்குண்டான விலையைத்தான் அது கட்டிக்கிட்டு இருந்திருக்குதுன்னா. எம்பொண்ணு அழுகல. நான்தான் அழுதேன். அன்னிக்கு அது விரல்ல சொன்ன மொத்தத் தொகையும் சேர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, வியாழக்கெழமையும் அடுத்த நாளுதான். பொட்டிங்களை நிறுத்தினா, பிளக்கைப் புடுங்கினா, கணக்கு நிக்கல. வட்டத்தை எடுக்கற அந்த இன்னொரு ஆளு நிறுத்தலையே.

அவரு போயிக் கையை விட்டு, அவளுக்குப் பதிலா வேற எதையாச்சும் எடுத்துக்கன்னு கெஞ்சினாரு. இடது கையில எங்க மயிலைக் காளையோட கயித்தைப் புடிச்சுக்கிட்டுப் பார்த்தாரு, வீட்டு வாசப்படியைப் புடிச்சுக்கிட்டுப் பார்த்தாரு, கடைசியில தன் கழுத்துலயே ஒரு கயித்தைப் போட்டு அதைப் புடிச்சுக்கிட்டுப் பார்த்தாரு. கை ஒவ்வொண்ணுக்கும் அதது விலையைச் சரியாச் சொல்லுச்சு, ஆனா முதல் பேரத்தை விடல. அது சொல்லு மாறாத கை.

வியாழக்கெழமை விடியறதுக்குள்ள காளைங்களும் பசுங்களுமா சந்தை நிறைஞ்சு போச்சு. எங்க ஊட்டுக்காரரு வாணியோட லேப்டாப்பைக் கொண்டுபோயி, புளியமரத்துக்கடியில ஒரு ஸ்டூல் மேல வெச்சு, துண்டைப் போட்டுக் கையை விட்டாரு. இடது கையை முதுகுக்குப் பின்னாடி என்னைக் கட்டிவிடச் சொன்னாரு. கூட்டம் கூடுச்சு. எல்லாருக்கும் என்ன பேரம்னு பார்க்க ஆசை. அவரு வாயால துண்டோட ஓரத்தைக் கவ்வி, ஒரே இழுப்பா இழுத்தெறிஞ்சாரு.

உள்ள ஒண்ணுமே இல்லை. அவரோட கை மட்டும்தான் இருந்துச்சு, எதையோ கோத்துப் பிடிச்ச மாதிரி வளைஞ்சு. ஆனா அந்தக் கையோட தோலு அஞ்சு இடத்துல அமுங்கியிருந்துச்சு, பார்த்துக்கிட்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் ஒண்ணொண்ணா ஆழமாச்சு, வெளுத்துச்சு, விட்டுச்சு, மறுபடி அமுங்குச்சு. சந்தையில ஒரு மாடும் கத்தல. அதுவரைக்கும் பயப்படாத ஊரு அப்பத்தான் பயந்துச்சு, ஆனா எதுக்குப் பயந்துச்சுன்னு நினைக்கறீங்க, துண்டை இழுத்ததுக்குத்தான். ஒவ்வொருத்தரா மாட்டை அவுத்துக்கிட்டு, எங்க மூஞ்சியைப் பார்க்காமக் கிளம்பிப் போயிட்டாங்க.

வாணி அங்கயே இருந்தா. பொழுது சாயற வரைக்கும் நான் அவளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், அவ போகல. ரெண்டு நாள் கழிச்சு மணிக்கட்டுத் தடமும் மங்கிப் போச்சு. வட்டக் காசு அவ கணக்குலருந்து மொத்தமாக் காணாமப் போச்சு, மாட்டுக்கு வந்து இன்னும் மாத்தாமக் கிடந்த காசு உட்பட. பொட்டிங்களை வித்துட்டு, கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குப் போயிட்டா.

டீக்கடைப் பக்கம் போனா மரகதம் மூஞ்சியைத் திருப்பிக்குவா. ஒரு நாள் நானே நிறுத்திக் கேட்டேன், எம்பொண்ணு உசுரே போயிருக்குமே, அது தெரியாதா உனக்குன்னு. அவ கிளாஸைக் கழுவிக்கிட்டே சொன்னா.

"தெரியாம என்னக்கா. ஆனா அந்தக் கை ஒருநாளும் சொல்லு தவறல. தவறினது உங்க ஊட்டுக்காரரு. ஊருக்குள்ள இனி யாரை நம்பறது?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. திரும்பிப் பார்க்காம வீட்டுக்கு வந்துட்டேன்.

பேரம் முறிஞ்சுதா இல்லையான்னு எங்களுக்கே இன்னும் தெரியலைங்க. ஏன்னா அந்தக் கை அவரு கையை இன்னும் விடல. வளைஞ்ச விரலு வளைஞ்சபடியே இருக்குது, அதுக்குள்ள அது விலை சொல்லிக்கிட்டே இருக்குது, நாளுக்கு நாள் தொகையைக் கூட்டிக்கிட்டே. அவரு ஒரே ஒரு தடவை இறுக்கினாப் போதும். அதனால வலது கையால எதையும் பிடிக்கறதில்லை, இடது கையாலயும் எதையும் பிடிக்கறதில்லை, ரெண்டு கையையும் மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, நான்தான் சோறு ஊட்டி விடறேன். பொங்கலுக்கு வாணி வந்தா. அப்பான்னு ஓடி வந்தவளைப் பார்த்து, அங்கயே நில்லு அம்மிணின்னாரு. அவ வாசல்ல நின்னுக்கிட்டே பேசிட்டுப் போனா.

மத்தியானம் அவரு அசந்து தூங்கும்போதுதான் எனக்குப் பயம். தூக்கத்துல மனுசன் கையை மூடுவான், அது பிறந்த நாள்லருந்து வர்ற பழக்கமாச்சே. அதனால அவரு கண்ணு மூடினதும் பக்கத்துல உட்கார்ந்து, ஒரு துண்டைப் போட்டு மூடி, என் வலது கையை உள்ள விடுவேன். அவரோட விரலுங்களை ஒண்ணொண்ணாப் பிரிச்சு நடுவுல என் உள்ளங்கையை விரிச்சு வெச்சுக்குவேன். அந்தக் கை என்னையும் தடவிப் பார்க்கும், வளையலைத் தொட்டுப் பார்க்கும், என் விரலை எண்ணி எண்ணிப் பிடிச்சு ஒரு விலை சொல்லும். நான் கையை விரிச்சபடியே வெச்சிருப்பேன்.

வாணிக்குச் சோத்து நேரம் அப்பத்தான், போன் பண்ணுவா. போனு என் இடது பக்கத்துல பாயி மேலதான் கிடக்கும், அவ மூஞ்சி அதுல தெரியும். அவரு எந்திரிக்கற வரைக்கும் அது அடிச்சு அடிச்சு ஓயும். நான் அதைத் தொட மாட்டேன்.